மூன்று மாத மாற்றுப்பணி

மூன்றே மாதம் என்று சொல்லித்தான் அவளை அழைத்துப் போனார்கள். அப்போது அவளுக்கு வயது முப்பத்தொன்று. பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். எட்டாம் வகுப்பில் பின்னத்தைப் பின்னத்தால் வகுப்பது எப்படி என்று பாதி நடத்திக்கொண்டிருந்தபோது தலைமையாசிரியை வாசலில் வந்து நின்று, "சாக்பீஸைக் கீழ வெச்சுட்டு ஒரு நிமிஷம் வாங்க" என்றார்.

வினையை அவளே தேடிக்கொண்டாள். புதிய கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் பத்தொன்பது விடைகள் தப்பு என்று கண்டுபிடித்து, ஒவ்வொன்றுக்கும் சரியான விடையை எழுதி, கல்வி அமைச்சர் பெயருக்குத் தபால் போட்டிருந்தாள். அந்தப் புத்தகத்தை வைத்து எதிர்க்கட்சிக்காரர்கள் சட்டசபையில் அமைச்சரை வறுத்தெடுத்துக்கொண்டிருந்த நேரம் அது. 'இந்தப் பொண்ணைக் கூட்டிட்டு வாங்க' என்று உத்தரவு வந்துவிட்டது.

அமைச்சர் ஒரு காலத்தில் பஸ் டிரைவராக இருந்தவர். எல்லோரும் பெரியவர் என்பார்கள். பொடி எழுத்தைப் படிக்கக் கண் ஒத்துழைக்காது. சட்டசபைக் கேள்விக்கு அவள் எழுதிக் கொடுத்த முதல் பதிலைத் தூரமாக நீட்டிப் பிடித்துப் படித்துவிட்டு, "இப்படித்தான்மா எனக்கு வேணும். கேள்வி, வழி, விடை. நம்ம ஆபீசர்ங்க எழுதினா வழி மட்டும்தான் இருக்கு, ஊர் போய்ச் சேர மாட்டேங்குது" என்றார். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதை அவள் பிற்பாடு ஒருபோதும் மறுத்ததில்லை.

மூன்று மாதம் முடிந்தது. பட்ஜெட் முடியட்டும் என்றார்கள். பட்ஜெட் முடிந்தது. பரீட்சை முடிவு வரட்டும் என்றார்கள். முடிவு வருவதற்குள் பெரியவருக்கே பதவி போய்விட்டது.

அமைச்சர் அறைக்கு வெளியே ஒரு சின்ன அறை. மூன்று மேஜை, ஒரு நகல் எடுக்கும் இயந்திரம், ஜெனரேட்டரைப் பார்த்தபடி ஒரு ஜன்னல். ஜெனரேட்டர் புகை வரும் என்று அந்த ஜன்னலை ஆணி வைத்து அடித்திருந்தார்கள். ஒரு மேஜையில் தனிச் செயலாளர். எந்த அமைச்சர் வந்தாலும் அவர் மட்டும் மாறமாட்டார். இன்னொன்றில் டைப்பிஸ்ட். மூன்றாவதில் இவள். பேர் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. டீச்சர் என்பதே பேராகிவிட்டது.

எதிர்ச்சுவரில் ஒரு மரப்பலகை. முதல் கல்வி அமைச்சரிலிருந்து வரிசையாகப் பெயர்கள், வந்த தேதி, போன தேதி. அமைச்சர்களின் உரைக்காக அந்தப் பதவியின் வரலாற்றை அவள் தோண்ட வேண்டியிருந்தது. ஆரம்பத்தில் கல்விக்கென்று தனி அமைச்சரே கிடையாது. பாசன அமைச்சர்தான் வாய்க்காலோடு வகுப்பறையையும் பார்த்துக்கொண்டார். பழைய அரசாணையில் 'தற்காலிகமாக' என்று எழுதி ஆறு வருஷம் அப்படியே ஓட்டியிருக்கிறார்கள். அதைப் படித்த அன்றைக்கு அவள் தனியாக உட்கார்ந்து சிரித்தாள். டைப்பிஸ்ட் என்னவென்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, எனக்கு முன்னாடியே ஒருத்தர் மாட்டியிருக்கார்" என்றாள்.

பெரியவருக்கு அடுத்து வந்தவர் பதினோரு நாள் இருந்தார். பெயர் எழுதுகிற பெயின்டர் வருவதற்குள் ஆள் போய்விட்டதால், வந்த தேதியையும் போன தேதியையும் ஒரே மூச்சில் எழுதிவிட்டு, "ஒரு கூலி மிச்சம்" என்று சொல்லிப் போனார். அதன்பின் முதல்வர் கல்வி இலாகாவைத் தானே வைத்துக்கொண்டார். பதினான்கு மாதம் அந்த அறை பூட்டிக் கிடந்தது. பூட்டின அறைக்கு வெளியே இவள் தினமும் வந்து உட்கார்ந்து பதில் எழுதினாள்.

பள்ளிக்குத் திரும்ப வேண்டுமென்றால் விடுவிப்பு ஆணை வேண்டும். அதில் அமைச்சர் கையெழுத்துப் போட வேண்டும். இவளுடைய கோப்பு முதல்வர் மேஜைக்குப் போனது, வரவேயில்லை. இரண்டாவதாக ஒரு கோப்பு போட்டாள். அடுத்த அமைச்சர் அதன் ஓரத்தில் 'பேசவும்' என்று எழுதினார். யார் யாரிடம் பேச வேண்டும் என்று தெரிவதற்குள் பள்ளிக் கல்விக்கு ஒருவர், கல்லூரிக் கல்விக்கு ஒருவர் என்று பதவியை இரண்டாகப் பிரித்தார்கள். நாற்காலி, மேஜை, பீரோ எல்லாவற்றையும் பங்கு போட்டார்கள். பங்கு போட முடியாமல் நின்றது இவள்தான். பள்ளி டீச்சர், எங்களுக்குத்தான் என்றார் ஒருவர். கல்லூரிக் கோப்பெல்லாம் இவங்க தலையிலதான் இருக்கு என்றார் மற்றவர். காலையில் ஒரு அறை, மதியம் ஒரு அறை என்று இரண்டு வருஷம் அல்லாடினாள். பிறகு ஆட்சி மாறி இரண்டையும் ஒன்றாக்கி, கூடவே விளையாட்டையும் சேர்த்துவிட்டார்கள். அந்த அமைச்சர் கோப்பில் 'பிறகு' என்று எழுதினார்.

"அமைச்சருங்க வருவாங்க, போவாங்க. நீங்களும் நானும் இந்த ரூமுக்குக் கதவு ஜன்னல் மாதிரி, டீச்சர்" என்றார் தனிச் செயலாளர்.

"ஜன்னலையாவது ஆணியப் புடுங்கினா தொறக்கலாம், சார்."

வீட்டில் கணவர் மருந்துக்கடையில் வேலை பார்த்தார். பொறுமைசாலி. "உன் ஜாதகத்துல மாற்றுப்பணின்னுதான் எழுதியிருக்கு போல" என்று கேலி செய்வார். மகள் ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது விண்ணப்பத்தில் தாயின் வேலை என்ற இடத்தில் அவள் 'ஆசிரியை' என்று எழுதினாள். மகள் எட்டிப் பார்த்து, "எந்த ஸ்கூல்லம்மா?" என்றாள். கிண்டல் இல்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். இவள் பேனாவை மூடி வைத்துவிட்டு, "சீக்கிரம் கிளம்பு, பஸ் போயிடும்" என்றாள்.

எட்டாவது வருஷம் பள்ளியிலிருந்து போன் வந்தது. புதுத் தலைமையாசிரியை, குரலே கறாராக இருந்தது.

"உங்க பேரு இன்னும் எங்க பட்டியல்லதான் இருக்கு, தெரியுமா? நீங்க இருக்கறதா கணக்கு. அதனால வேற ஆள் தர மாட்டேங்கறாங்க. எட்டாம் வகுப்புக்குக் கணக்கை ஓவிய டீச்சர் எடுக்கறாங்க. ஒண்ணு நீங்க வாங்க, இல்ல பேரையாவது எடுங்க."

"நான் வரணும்னுதாங்க எழுதிக் கேட்டுட்டிருக்கேன்."

"அதை எங்கிட்ட ஏன் சொல்றீங்க? அமைச்சர் பக்கத்துலயே இருக்கறது நீங்கதானே!"

போனை வைத்தாள். அதுவரை மாட்டிக்கொண்டது தான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தாள்.

அடுத்த வருஷமே சட்டசபையில் அந்தப் பள்ளியைப் பற்றி ஓர் உறுப்பினர் கேள்வி அனுப்பினார். அங்கே பல வருஷமாகக் கணக்கு ஆசிரியர் இல்லை என்பது உண்மையா? பதில் எழுத வேண்டியது இவள்தான். உண்மையை எழுதினாள்: 'அப்பணியிடத்தின் ஆசிரியை அமைச்சர் அலுவலகத்தில் மாற்றுப்பணியில் உள்ளார்.' தனிச் செயலாளர் படித்தார். பேனாவை எடுத்துக் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

"ஏன் டீச்சர், அமைச்சரையே மாட்டி விடப் பாக்கறீங்களா? பணியிடம் காலியா, இல்லையா?"

"காலி இல்ல."

"அப்ப அதை எழுதுங்க."

எழுதினாள். 'காலிப் பணியிடம் ஏதுமில்லை.' அமைச்சர் கணீரென்று வாசித்தார். ஆளுங்கட்சி வரிசையில் மேஜையைத் தட்டினார்கள். வீட்டுக்கு வந்து சாப்பாடு வேண்டாம் என்று படுத்துவிட்டாள். கணவர் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அதற்குப் பிறகு எட்டு வருஷம் அவள் விடுவிப்பு கேட்டு எழுதவே இல்லை. கேட்கிற யோக்கியதையை அந்த ஒற்றை வரியோடு இழந்துவிட்டதாக அவளுக்குத் தோன்றியது.

பதினேழாவது வருஷம் வந்த அமைச்சர், அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். டாக்டர். சுருக்கமாகப் பேசுவார், சுருக்கமாகவே கோபப்படுவார். அந்தக் கூட்டத்தொடரில் அதே பள்ளி, அதே கேள்வி, வேறோர் உறுப்பினர். அதே பழைய பதிலைத் தனிச் செயலாளரே எடுத்துக் கோப்பில் வைத்துவிட்டார். அமைச்சர் வாசித்தார். உடனே அந்த உறுப்பினர் துணைக்கேள்விக்கு எழுந்தார்.

"காலி இல்லைன்னா சரி. அந்தப் பணியிடத்துல இருக்கற ஆசிரியர் யாருன்னு அமைச்சர் சொல்வாங்களா? அந்தப் பிள்ளைங்க அவங்கள ஒரு நாளும் பாத்ததில்லையாம்."

அவை சிரித்தது. அமைச்சர் திரும்பி அதிகாரிகள் மாடத்தைப் பார்த்தார். அங்கே துண்டுச் சீட்டோடு உட்கார்ந்திருந்தது இவள். பக்கத்தில் தனிச் செயலாளர் காதோடு, "விவரம் பெற்றுச் சொல்லப்படும்னு எழுதுங்க" என்றார். இவள் சீட்டை முழங்கால்மேல் வைத்தாள். எழுதினாள்: 'அது நான்தான். பதினேழு வருஷமாக இங்கே இருக்கிறேன்.' தனிச் செயலாளர் எட்டிப் பார்ப்பதற்குள் அவைக் காவலர் கையில் கொடுத்துவிட்டாள்.

அமைச்சர் சீட்டைப் படித்தார். மறுபடி படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"அவைத் தலைவர் அவர்களே, பணியிடம் காலி இல்லைங்கறது சரி. ஆனா அந்த ஆசிரியை என் அலுவலகத்துல வேலை பாக்கறாங்க. எனக்கு முன்னாடி இருந்தவங்க காலத்துலேர்ந்து பாக்கறாங்க. இது தப்பு. ஒரு வாரத்துல அந்தப் பள்ளிக்கு ஆசிரியர் போவாங்க."

எதிர்க்கட்சி வரிசையில் ஒரே கூச்சல். இவள் காதில் எதுவும் விழவில்லை. ஒரு வாரம். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் மூன்று பருத்திப் புடவை வாங்கினாள். சாக்பீஸ் தூள் பட்டாலும் தெரியாத வெளிர் நிறத்தில் பார்த்து எடுத்தாள். எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் ஒன்றும் வாங்கினாள். புத்தகம் ஏகத்துக்கு மாறியிருந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் முதல் பயிற்சியைப் போட்டுப் பார்த்தாள். மகள், "அம்மா, உனக்கென்ன பரீட்சையா?" என்று சிரித்தாள்.

ஐந்தாம் நாள் ஆணை வந்தது. நின்றபடியே படித்தாள். அந்தப் பள்ளிக்குப் புதிய கணக்கு ஆசிரியை நியமிக்கப்படுகிறார். மாற்றுப்பணியில் உள்ள ஆசிரியை இதுவரை வகித்த பணியிடம் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டு அமைச்சர் அலுவலகத்துக்கு நிரந்தரமாக மாற்றப்படுகிறது; அவரும் அதிலேயே ஈர்த்துக்கொள்ளப்படுகிறார்.

கதவைத் தட்டாமல் உள்ளே போனாள். பதினேழு வருஷத்தில் அப்படிப் போனது அதுதான் முதல் தடவை.

"பிள்ளைங்களுக்கு டீச்சர் போயாச்சு" என்றார் அமைச்சர். "உங்களை விட்டா இந்த ஆபீஸ் நாளைக்கே படுத்துடும். எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. யாருக்கும் நஷ்டமில்லையே."

"நான் கேட்டது இது இல்லீங்கம்மா."

"தெரியும்" என்றார் அமைச்சர். மேஜையில் இருந்த கோப்பைத் திறந்தார், மூடினார். "ரெண்டையும் செய்ய என்னால முடியல." டெலிபோன் அடித்தது. எடுத்துப் பேச ஆரம்பித்தார். இவள் வெளியே வந்தாள். தனிச் செயலாளர் தலையைத் தூக்கவில்லை. ஆனால் ஒரு டீ வரவழைத்து இவள் மேஜையில் வைக்கச் சொன்னார்.

சனிக்கிழமை பள்ளிக்குப் போனாள். ஆசிரியர் அறையில் அவளுடைய அலமாரி இன்னும் பூட்டியே இருக்கிறது, வந்து காலி செய்யுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். சாவி எப்போதோ தொலைந்துபோனதால் காவலாளி பூட்டை உடைத்துக் கொடுத்தார். உள்ளே ஒரு மரக் காம்பஸ், சிவப்பு மசிப் புட்டி, திருத்தாமல் வைத்த முப்பத்தெட்டு விடைத்தாள்கள். அந்தப் பெண்களுக்கெல்லாம் இப்போது முப்பது வயதாகியிருக்கும்.

சனிக்கிழமையிலும் எட்டாம் வகுப்பில் பாடம் நடந்துகொண்டிருந்தது. விட்டுப்போனதையெல்லாம் பிடிக்க வேண்டுமே. சின்னப் பெண்ணாக ஒரு டீச்சர், கரும்பலகையில் பாதிக்குமேல் எழுதிவிட்டு, எட்டாத மேல்வரிக்குக் குதிகாலை உயர்த்தி நின்றாள். பிள்ளைகள் கை தூக்கினார்கள். வராந்தாவில் நின்றவளைப் பார்த்துவிட்டு டீச்சர் வாசலுக்கு வந்தாள்.

"வாங்கம்மா. எந்தப் பொண்ணோட அம்மா நீங்க?"

"யாரோட அம்மாவும் இல்ல. சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாள். "நீங்க நடத்துங்க, விடை வர்ற நேரம்."

காம்பஸை மட்டும் அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, விடைத்தாள்களைக் கைப்பையில் திணித்துக்கொண்டு பஸ் ஏறினாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க, சிவப்பு மசி காய்ந்துவிட்டதால் பென்சிலால், முப்பத்தெட்டையும் திருத்தி மதிப்பெண் போட்டாள். நான்கு பேர் நூற்றுக்கு நூறு.

திங்கள்கிழமை காலை புதுப் புடவை ஒன்றை உடுத்திக்கொண்டு அலுவலகம் போனாள். பத்து மணிக்குக் கேள்விப் பட்டியல் வந்தது, நாற்பத்திரண்டு கேள்விகள். ஓய்வு பெற இன்னும் பத்து வருஷம் இருந்தது. டைப்பிஸ்ட் இயந்திரத்தில் தாளைச் செருகிவிட்டு, "ஆரம்பிக்கலாமா டீச்சர்?" என்றாள்.

"முதல் கேள்வியப் படி" என்றாள் அவள்.