லேபிள் போடாத தவளை

ஃபார்மலின் வாடையும் எலுமிச்சைச் சாத வாசமும் கலந்தால் எப்படியிருக்கும் என்று தெரிந்தவர்கள் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். பெரியநாயக்கன்பாளையத்தில் பிளஸ் ஒன் படித்த நாங்கள் நான்கு பேர் அந்த வாடையில்தான் மதியச் சாப்பாட்டை முடித்தோம். வகுப்பறையில் மின்விசிறி ஓடாது, விலங்கியல் ஆய்வகத்தில் ஓடும் என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது. குடுவைக்குள் வெளுத்துப்போன பாம்பு ஒன்று எங்கள் டிபன் பாக்ஸைப் பார்த்தபடி மிதந்துகொண்டிருக்கும். நான், ரம்யா, ஜோதி, ஸ்டெல்லா. சாப்பிட்டுக் கை கழுவியதும் ஸ்டெல்லா எங்கள் மூன்று பேருடைய ரெக்கார்டு நோட்டையும் இழுத்து வைத்துக்கொண்டு படம் போட ஆரம்பித்துவிடுவாள்.

ரெக்கார்டு நோட்டில் ஒரு பக்கம் கோடு போட்டிருக்கும், எதிர்ப்பக்கம் வெறும் வெள்ளையாக இருக்கும். வெள்ளைப் பக்கத்தில் மண்புழு, கரப்பான் பூச்சி, தவளை என்று வரைந்து, வண்ணம் தீட்டி, உறுப்புகளுக்குக் கோடிழுத்துப் பெயர் எழுதி, அதாவது "லேபிள் போட்டு", மிஸ்ஸிடம் சிவப்பு மையில் கையெழுத்து வாங்க வேண்டும். நான் வரைந்த மண்புழுவைப் பார்த்து மிஸ் முறுக்கா என்று கேட்ட நாளிலிருந்து எங்களுக்குள் ஓர் ஏற்பாடு வந்தது: நான்கு நோட்டுக்கும் படமும் லேபிளும் ஸ்டெல்லா பொறுப்பு, எதிர்ப்பக்கத்து எழுத்து எங்கள் பொறுப்பு. அவளுக்கு இடது கைப் பழக்கம். அவள் தீட்டும் பென்சில் கோடுகள் எங்களுடையதற்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருக்கும். "உன் ஊருல மட்டும் மழை அந்தப் பக்கமாடி பெய்யுது?" என்று ரம்யா கேலி செய்வாள். ஸ்டெல்லாவின் அம்மா லூர்தம்மாவுக்கு மட்டும் அதில் தீராத வருத்தம். "பீச்சாங்கையில எல்லாம் பண்ணுனா போற ஊட்டுல என்னங்கண்ணு சொல்லுவாங்க" என்று எங்களிடமே முறையிடுவார்.

தை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காய்ச்சல் என்று ஸ்டெல்லா வரவில்லை. அடுத்த திங்கட்கிழமை நாங்கள் மூவரும் கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் யூனிபாரத்தில் நின்றுகொண்டிருந்தோம். பதினாறு வயதுக்காரிகளிடம் சாவைப் பற்றி எப்படிப் பேசுவது என்று எந்தப் பெரியவருக்கும் தெரியவில்லை. "படிக்கிற புள்ளைங்க, மனசுல போட்டு வெச்சுக்காதீங்க" என்றார்கள். பள்ளியில் இரண்டு நிமிடம் மௌனம், அடுத்த மணிக்கு இயற்பியல் டெஸ்ட். ஆய்வகத்தில் வழக்கம்போலச் சாப்பிட்டோம். பெஞ்சில் அவள் இடத்தை விட்டுவிட்டு நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். யாரும் அவள் பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் மற்றவள் அழுதுவிடுவாளோ என்று ஒவ்வொருத்திக்கும் பயம்.

மூன்று வாரம் கழித்து லூர்தம்மா ஆய்வக வாசலில் வந்து நின்றார். விஷக் காய்ச்சல் மற்றவர்களுக்கும் தொற்றிவிடும் என்று பயந்து, அவருடைய நாத்தனார் ஸ்டெல்லாவின் பாய், துணிமணி, புத்தகப் பைக்கட்டு எல்லாவற்றையும் வீட்டுக்குப் பின்னால் போட்டு எரித்துவிட்டாராம். நோட்டும் போயிற்று, கலர் பென்சிலும் போயிற்று. "எம்புள்ள கைபட்டது ஊட்டுல ஒண்ணுமில்லீங்கண்ணு. உங்க நோட்டுல எல்லாம் அவதான் படம் போட்டான்னு சொல்லுவா. அதை எனக்குக் குடுப்பீங்களா?" என்று கேட்டார். எங்களைவிட மூன்று மடங்கு வயதானவர், எங்களிடம் கெஞ்சிக்கொண்டு நின்றார்.

செய்முறைத் தேர்வுக்கு ஒரு மாதம்கூட இல்லை. பக்கங்களைக் கிழித்தால் ரெக்கார்டு செல்லாது. தேர்வு முடிந்தால் நோட்டுகள் எங்கள் கைக்குத் திரும்பாது, ஆய்வகத்துப் பின்னறையில் கிடந்து பழைய பேப்பர்காரருக்குப் போய்விடும். ஜோதிதான் சொன்னாள்: "புது நோட்டு வாங்கி எல்லாத்தையும் பார்த்து வரைஞ்சு வெச்சிரலாம். பழசை அப்படியே அம்மாகிட்டக் குடுத்துரலாம்." புது நோட்டிலும் கையெழுத்துப் போட்டுத் தருவீர்களா என்று மிஸ்ஸிடம் தயங்கித் தயங்கிக் கேட்டோம். "கொண்டாங்க, போடறேன். வெளிய சொல்லிராதீங்க" என்றார்.

ஜோதியின் அப்பாவுக்கு மேட்டுப்பாளையம் சாலையில் ஒரு லேத் பட்டறை இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மிஷின்கள் ஓடாது. எண்ணெய்ப் பிசுக்கேறிய நீள மேசையில் நியூஸ்பேப்பர் விரித்து மூன்று பேரும் உட்காருவோம். முதல் ஞாயிறு வரைந்ததைவிட அழித்ததுதான் அதிகம். இரண்டாவது ஞாயிறு ரம்யா திடீரென்று, "இங்க பாருங்கடி, கரப்பான் பூச்சிக்கு ஒரு கால் எச்சா போட்டிருக்கா" என்றாள். எண்ணிப் பார்த்தோம். ஏழு கால். மிஸ்ஸும் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தார். சிரிக்க ஆரம்பித்தோம், ரம்யா சிரித்துக்கொண்டே அழத் தொடங்கினாள், பிறகு மூவரும் லேத் மிஷின்களுக்கு நடுவே வாய்விட்டு அழுதோம். அன்றைக்குத்தான் முதல்முறையாக அவள் பெயரைச் சொல்லிப் பேசினோம். புது நோட்டிலும் கரப்பானுக்கு ஏழு கால்தான் போட்டோம்.

எனக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. ரம்யாவும் ஜோதியும் பார்த்து வரைந்தால் போதும் என்றிருந்தார்கள். எனக்கு அவளைப் போலவே வர வேண்டும். வலது கையால் எப்படித் தீட்டினாலும் கோடு என் பக்கமே சாய்ந்தது. பென்சிலை இடது கைக்கு மாற்றினேன். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பழகினேன். இரண்டு வாரத்தில் கை பணிந்தது, மூன்றாவது வாரத்தில் கை தானாகவே போக ஆரம்பித்தது. எங்கே அழுத்த வேண்டும், எங்கே பென்சிலைத் தூக்க வேண்டும் என்று நான் யோசிப்பதற்கு முன்பே அது செய்தது. என் தோளுக்கு மேலாகக் குனிந்து யாரோ பார்க்கிறார்கள் என்று பலமுறை திரும்பியிருக்கிறேன். பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பயம் போய்விடக் கூடாது என்றும் இருந்தது.

ஒருநாள் சாப்பிடும்போது இடது கையால் சாதத்தைப் பிசைந்துவிட்டேன். அம்மா கரண்டியைக் கீழே போட்டுவிட்டார். "ஏனுங்க, இங்க வந்து பாருங்க, செத்த புள்ள இவளைப் புடிச்சுக்கிச்சு" என்று அப்பாவைக் கூப்பிட்டார். மறுநாளே மாரியம்மன் கோயிலுக்கு இழுத்துப்போய்த் திருநீறு போட்டு, இடது மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டிவிட்டார்கள். "போயிரு அம்மணி, எம்புள்ளைய உட்டுப்போட்டுப் போயிரு" என்று அம்மா என் முகத்தைப் பார்த்து ஸ்டெல்லாவிடம் கேட்டுக்கொண்டார். நான் மனதுக்குள், போகாதே என்றேன்.

என் நோட்டில் கடைசிப் படம் தவளையின் உணவு மண்டலம். அவள் பள்ளிக்கு வந்த கடைசி நாளில் வரைந்தது. கல்லீரலுக்குச் செங்காவி தீட்டி, உறுப்புகளிலிருந்து கோடுகளை இழுத்துவிட்டு, "தலை வலிக்குதுடி, லேபிள் திங்கக்கெழமை போடறேன்" என்று நோட்டை என்னிடம் தந்தாள். அந்தக் கோடுகள் ஒரு பெயரையும் சென்று தொடாமல் வெள்ளைத் தாளில் நின்றுகொண்டிருந்தன. அந்தத் தாளைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. லூர்தம்மாவுக்கு அவளுடைய பதினாறு வருடம் இருக்கிறது, எனக்கு இது ஒன்றுதானே என்று எனக்குள் வழக்காடினேன். ஆகவே தவளையை இரண்டு முறை வரைந்தேன். லேபிள் போட்டது ரெக்கார்டுக்கு. லேபிள் போடாதது அவள் அம்மாவுக்கு. இரண்டாவதை இடது கையால், ஒரே மூச்சில் வரைந்தேன். அசலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கே எது எதுவென்று ஒரு கணம் குழம்பியது.

எல்லாத் தாள்களையும் வெட்டி எடுத்து, வேலியோரப் பூவரசு நிழலில் உட்கார்ந்திருந்த லூர்தம்மாவின் மடியில் வைத்தோம். ஒவ்வொன்றாகப் பார்த்துவந்தவர் தவளையில் நின்றுவிட்டார். "இதுல என்னங்கண்ணு பேரு எழுதாம உட்டிருக்கா?" என்று கேட்டார். "அதுதாங்க அவ கடைசியா வரைஞ்சது" என்றேன். ரம்யாவும் ஜோதியும் பக்கத்தில்தான் இருந்தார்கள், அசலை நான் வைத்துக்கொண்டது அவர்களுக்கும் தெரியாது. லூர்தம்மா அந்தத் தாளை முகத்தோடு ஒட்டிவைத்துக்கொண்டார். மற்ற படங்கள் துணிப் பெட்டிக்குப் போயின. தவளைக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, மாதா படத்துக்குக் கீழே மாட்டினார்.

நான் திருடி என்பது அன்றைக்கு உறைக்கவில்லை. கல்லூரி, கல்யாணம், குழந்தை என்று ஆன பிறகு, அதிலும் குறிப்பாக எனக்கு ஒரு மகள் பிறந்த பிறகுதான் உறைத்தது. அசலைப் பையில் வைத்துக்கொண்டு மூன்று முறை லூர்தம்மா வீட்டுக்குப் போனேன். மூன்று முறையும் அவர் காபி கொடுத்துவிட்டு, சட்டத்தைக் கழற்றி வந்து, "இங்க பாரு கண்ணு, எப்பிடி அழுத்தித் தீட்டியிருக்கா. காய்ச்சலோட வரைஞ்சிருக்கா எம்புள்ள" என்று கண்ணாடிமேல் விரலை ஓட்டுவார். அது என் அழுத்தம். இவ்வளவு வருடம் அவர் தடவிக்கொடுத்தது என் கையை என்று எப்படிச் சொல்வது? பையைத் திறக்காமலே திரும்பினேன்.

சென்ற மாதம் லூர்தம்மா தூக்கத்திலேயே போய்விட்டார். பீரோவிலிருந்து அசலை எடுத்துக்கொண்டுதான் கிளம்பினேன். என்ன செய்யப்போகிறேன் என்று தெரியாது. வீட்டில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஸ்டெல்லாவின் தம்பி என்னிடம் வந்து, "அந்தத் தவளைப் படத்தைத் தன்கூடவே பெட்டிக்குள்ள வெக்கோணும்னு அம்மா சொல்லிட்டே இருந்துச்சுங்க்கா. சட்டத்தோட வேண்டாம், தாளை மட்டும் கழட்டிக் குடுங்க" என்றான். சட்டத்தை உள்ளறைக்குக் கொண்டுபோய்ப் பின்பக்க ஆணிகளை மடக்கித் தாளை எடுத்தேன். இரண்டையும் கட்டில்மேல் போட்டுப் பார்த்தேன். என்னுடையது சுவரில் இருந்து பழுத்திருந்தது, அவளுடையது பீரோவுக்குள் இருந்து புதிதாகவே இருந்தது. ஃபாதர் வந்துவிட்டார் என்று வெளியிலிருந்து குரல் கொடுத்தார்கள். புதிதாக இருந்ததை மடிக்காமல் கொண்டுபோய் லூர்தம்மாவின் நெஞ்சில், செபமாலை சுற்றிய விரல்களுக்கு அடியில் செருகினேன். தம்பி தாளையும் என்னையும் பார்த்தான். மூடியை வைத்து ஆணி அடித்தார்கள்.

அந்த லேத் பட்டறை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. பள்ளிகளில் தவளையை அறுப்பதில்லை, திரையில் காட்டிவிடுகிறார்கள். லூர்தம்மா துணிப் பெட்டியில் வைத்திருந்த மற்ற படங்களை எப்போதோ கரையான் தின்றுவிட்டது என்று அவள் தம்பி சொன்னான். ஆக, ஸ்டெல்லா கையால் போட்ட ஒரு கோடுகூட இன்றைக்கு மண்ணுக்கு மேலே இல்லை. கொடுத்தது சரிதான். ஆனாலும், என் கையாலேயே கொண்டுபோய் வைத்தேனே என்று தினமும் வயிறு எரிகிறது.

பழுத்த தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து மேசைமேல் வைத்திருந்தேன். அடுத்த வருடம் பிளஸ் ஒன் போகிற என் மகள் எடுத்துப் பார்த்துவிட்டு, "செமயா இருக்கும்மா, யாரு வரைஞ்சது?" என்றாள்.

"ஸ்டெல்லா" என்றேன்.