நிழல் விழுந்த சூரன்

சாவகச்சேரியில் ஒரு மேல்மாடி அறையில் இருந்துகொண்டு வெளிநாட்டு விளையாட்டுப் புத்தகங்களுக்குப் பூதப் படங்கள் கீறுவதுதான் என் பிழைப்பு. ஒருவர் கதை சொல்ல, மேசையைச் சுற்றியிருக்கும் மற்றவர்கள் வீரனாகவும் மந்திரவாதியாகவும் மாறித் தாயக்கட்டை உருட்டுகிற விளையாட்டு அது. நான் தொழிலுக்கு வந்த புதிதில் உடம்பு முழுக்கத் தோல்பட்டிகளும் கூர்முள்ளும் வேண்டும் என்றார்கள். பிறகு எல்லாம் எண்ணெய் தடவியதுபோல் மினுங்கச் சொன்னார்கள். அதன்பின் வீரருக்கும் தொந்தி இருக்கலாம், நரை இருக்கலாம் என்று மனம் இரங்கினார்கள். இப்போது அதெல்லாம் வேண்டாமாம். இந்த விளையாட்டு தொடங்கிய காலத்துக் கறுப்பு மைக் கோட்டுப் படம்தான் வேண்டுமாம், அதுவும் கை பழகாத ஆள் கீறியதுபோல. கையைப் பழக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆனாலும் சரி என்று பதில் எழுதிவிட்டுக் கீறுகிறேன். மறுத்துக் கதைக்கிற தெம்பு போய்க் கனகாலம்.

கோடா, நிறமா என்ற இந்த வழக்கு நான் எட்டு வயதுச் சிறுமியாக இருந்தபோதே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. சண்டை நின்று பாதை திறந்திருந்த காலம். கனடாவிலிருந்து பெரியம்மாவின் மகன் விடுமுறைக்கு வந்தான். வரும்போது இரண்டு விளையாட்டுப் புத்தகங்களைக் கொண்டுவந்தவன், திரும்பும்போது பெட்டி பாரம் கூடிவிட்டதென்று இரண்டையும் எங்களிடமே விட்டுவிட்டுப் போனான். அவன் இருந்த நாட்களில் பின்னேரங்களில் அவனும் நானும் மாமாவும் விளையாடுவோம். மாமா என்றால் அம்மாவின் தம்பி. அவரும் கலியாணமாகாத இரண்டு சித்திமாரும் எங்களோடுதான் இருந்தார்கள். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவதும், லொறிகளின் பின்புறத்தில் மயில் கீறுவதும் அவருடைய தொழில். தாயக்கட்டையில் அவருக்கு ஒரு அக்கறையும் இல்லை. தன் முறை வந்தால், தன் வீரனைச் சாக்காட்டிவிட்டு மிச்சத்தை விளையாடச் சொல்லிவிட்டுப் படங்களைப் புரட்டிக்கொண்டிருப்பார்.

பழைய புத்தகத்தில் எல்லாம் வெறும் கோடு. பூதங்கள் முட்டைக் கண்ணோடு நேராக எங்களையே பார்த்துக்கொண்டு நிற்கும். புதியதில் பக்கம் பக்கமாக வண்ணம். தீப்பந்தத்தின் வெளிச்சம் ஒரு பக்கத்தில் அடிக்கும், மற்றப் பக்க முகம் இருட்டுக்குள் இருக்கும். பழசைக் கனடா அண்ணை கணக்கிலேயே எடுப்பதில்லை. இப்போது ஆரும் அப்படிக் கீறுவதில்லை என்று அடித்துச் சொன்னான். அவன் சொன்னால் எனக்கு வேதவாக்கு.

அந்த வருடம் எங்கள் கோயிலில் சூரன்போருக்குத் தூக்கும் சூரன் பொம்மைக்கு முகம் எழுதும் வேலை மாமாவுக்குக் கிடைத்தது. வழக்கமாக எழுதுகிறவர் மகளோடு கொழும்புக்குப் போய்விட்டார். மாமாவோ கட்டாருக்குப் போக ஏஜென்சிக்காரனிடம் பாஸ்போட்டைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். கோயில் மனேச்சர் மனம் வைத்து சுவாமி வாகனங்கள் முழுவதற்கும் பெயின்ற் அடிக்கும் வேலையைக் கொடுத்தால் தம்பி ஊரோடு நிற்பான் என்று அம்மா ஒருநாள் சொன்னது என் காதில் விழுந்தது. அதையே பிடித்துக்கொண்டேன். சூரனின் முகம் நன்றாக அமைந்தால் மாமா நிற்பார், அமையாவிட்டால் போய்விடுவார். முருகனிடம் போய்ச் சூரனை வடிவாக்கித் தா என்று கும்பிட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

மாமா வாகனசாலையில் புதிய புத்தகத்தை விரித்து, மேலே ஒரு கல்லைப் பாரம் வைத்துவிட்டு வேலை செய்தார். சூரனின் வலப் பக்கத்தில் நெருப்புப் பட்டதுபோல் மஞ்சளும் சிவப்பும். இடப் பக்கம் முழுக்கக் கருநீலம், அதற்குள் மங்கலாக ஒரு கண். ஒற்றை மின்குமிழ் வெளிச்சத்தில் அது உயிரோடு இருந்தது. எனக்கு மூத்திரம் முட்டிக்கொண்டு வந்துவிட்டது. இனி மாமா எங்கும் போகமாட்டார் என்று நினைத்தேன்.

சூரன்போர் அன்று பின்னேரம் யானைமுகமும் சிங்கமுகமும் வழக்கம்போல் முட்டைக் கண்ணை உருட்டிக்கொண்டு வந்து மாண்டன. கடைசியில் மாமா எழுதிய முகத்தைப் பூட்டி, பெடியன்கள் சூரனைத் தோளில் தூக்கி ஆட்டிக்கொண்டு வந்தார்கள். புத்தகத்தில் வெளிச்சம் எந்தப் பக்கத்தால் வரவேண்டும் என்பதைக் கீறுகிறவர் தீர்மானிக்கலாம். வீதியில் சூரியன் அல்லவா தீர்மானிக்கிறது! மேற்கு வெயில் நேராக அந்த இடப் பக்கத்தில்தான் விழுந்தது. வெயில் பட்ட நிழல் நிழலாக இருக்குமா? கரி அப்பியதுபோல் இருந்தது. சூரனுக்கு அரைவாசி முகம் எரிந்துபோச்சோ என்று ஒரு மனிசி சத்தமாகக் கேட்டாள். சனம் சிரித்தது. பயப்பட வேண்டிய சூரனைப் பார்த்துக் கைக்குழந்தைகூடச் சிரித்தது.

நான் அழுதுகொண்டு மாமாவைத் தேடினேன். அவர் மதிலோரம் நின்று சூரனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏன் அழுறாய்? எனக்குப் பிடிச்சிருக்கு,” என்றார்.

தோற்றவர் சொல்லும் சாட்டு என்றே நினைத்தேன். மறுநாள் காலையில் ஒருவருக்கும் சொல்லாமல் மனேச்சர் வீட்டுக்குப் போனேன்.

“மாமாவை விடாதேங்கோ. அடுத்தமுறை கண்ணெல்லாம் பெரிசாக் கீறுவார்.”

அவர் என்னைத் திண்ணையில் இருத்தினார். பிறகு, “பாப்பம் பிள்ளை,” என்று சொல்லி ஒரு கதலிப்பழத்தைக் கையில் தந்து அனுப்பினார். அடுத்த கிழமை மாமா கொழும்புக்குப் போகும் வான் வண்டியில் ஏறிப் போய்விட்டார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அன்றிலிருந்து மனேச்சரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். வளர்ந்த பிறகும் அது அப்படியே பழக்கமாகிவிட்டது. கோயிலில் கண்டால் சுகமோ பிள்ளை என்று அவர் கேட்பார். நான் செருப்பைத் தேடுகிறவள்போல் குனிந்துகொள்வேன்.

போன மாதம் அவர் மோசம் போனார். எனக்கு வேலை தலைக்கு மேல் கிடந்ததால் நான் போகவில்லை. செத்தவீட்டுக்குப் போய் வந்து முழுகிவிட்டு, தலை துவட்டிக்கொண்டே அம்மா சொன்னா:

“நல்ல மனிசன். உன்ரை மாமாவுக்கு விசா சூரன்போருக்கு முன்னமே, புரட்டாதியிலேயே வந்திட்டுது. அப்ப, வாகன வேலை முழுக்கத் தாறன், நில்லடா எண்டு இவர்தான் கேட்டவர். வீட்டிலை ரெண்டு குமர் இருக்கேக்கை அவன் எப்பிடி நிக்கிறது? மாட்டன் எண்டிட்டான். அப்ப இந்தச் சூரனை எண்டாலும் உன்ரை விருப்பத்துக்குக் கீறிப்போட்டுப் போ, சனம் சிரிச்சா நான் பாக்கிறன் எண்டவர்.”

இதை ஏன் எனக்கு ஒருவரும் சொல்லவில்லை என்று கேட்டேன். நீ கேக்கேல்லையே என்றா அம்மா.

மாமா போனதால் இரண்டு சித்திமாருக்கும் கலியாணம் நடந்தது. கட்டாரில் அவர் சுவர்களுக்கு வெள்ளை அடித்தார். பிறகு ஒரு முகமும் எழுதவில்லை. நிழல் பிழையானதால் அவர் போனார் என்று எட்டு வயதில் நினைத்தேன். போவதென்று தீர்ந்தபிறகுதான் அந்த நிழலே விழுந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது. எனக்கோ இத்தனை வருடத்தில், உன் விருப்பத்துக்குக் கீறு, சனம் சிரித்தால் நான் பார்க்கிறேன் என்று எவரும் சொன்னதில்லை. அப்படிச் சொல்லக்கூடிய மனிதர் ஒருவர் எங்கள் ஊரில் இருந்தார். அவரோடுதான், அவர் சாகும்வரை, நான் கதைக்காமல் விட்டேன்.