பெண்களுக்கு அரைக் கரண்டி

தபுதானி அக்காவை ஓட்டப் பயிற்சி முகாமிலிருந்து துரத்தியதற்கு அவள் வாய்தான் காரணம் என்று எங்கள் ஊர் இட்டென் சந்தையில் இன்னும் சொல்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நான் அந்த முகாமில் ஓடியவள். அவள் யாருக்காக வாயைத் திறந்தாள் என்று எனக்குத் தெரியும்.

பதினோரு வருடம் எங்களுக்குச் சமைத்தாள். இருபது பேருக்கான உகாலியை, இறுகிப்போகும் அந்த மக்காச்சோளக் களியை, நின்றபடி ஒரே மூச்சில் கிண்டி இறக்குவாள். பள்ளிக்கூடத்தில் வெறுங்காலோடு ஓடி மாவட்டத்தில் மூன்றாவதாக வந்தவள். பதினேழு வயதில் கல்யாணம், அதோடு ஓட்டம் முடிந்தது. "நீங்களாவது ஓடுங்கடி" என்று தட்டு நிறையப் போடுவாள்.

அந்தக் கையைக் கட்டிப்போட்டவர் கோச் கிப்ருகுட். எங்கிருந்தோ ஒரு எடை மிஷினை வாங்கிவந்தார். பெண்கள் ஏழு பேருக்கும் இனி அரைக் கரண்டி உகாலி, கொஞ்சம் கீரை, பாலும் சர்க்கரையும் இல்லாத டீ. பையன்களுக்கு எப்போதும் போல. சனிக்கிழமை காலையில் எங்களுக்கு எடை பார்ப்பார். அதற்காக வெள்ளிக்கிழமை மதியத்திலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டோம். வறண்ட நாக்கோடு மிஷினில் ஏறி இறங்கி, அப்படியே முப்பது கிலோமீட்டர் ஓடுவோம். எடை குறைந்தவளுக்குக் கைதட்டல். நானும் தட்டியிருக்கிறேன், வெட்கங்கெட்டவள்.

அதிகம் கைதட்டு வாங்கியவள் ஜெலகாட். பத்தொன்பது வயது, பத்தாயிரம் மீட்டர் ஓடுகிறவள். நைரோபியில் தேசிய அணிக்கான தேர்வுப் போட்டிக்கு ஆறு வாரம்தான் இருந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பில் குத்துகிறது என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

எங்களுக்கான நாப்கின் பெட்டிகள் அக்காவின் மாவு அறையில் இருக்கும். ஒருநாள் மாவு எடுக்கப் போனவள் அதே வேகத்தில் வெளியே வந்தாள்.

"ஏண்டி, அஞ்சு மாசமா ஒருத்தியும் வந்து கேக்கலையே. என்ன சங்கதி?"

ஜெலகாட் சிரித்தாள். "நின்னுபோச்சுக்கா. எல்லாருக்கும்தான். ட்ரெயினிங் நல்லா ஏறியிருக்குன்னு அர்த்தம்."

இதை நாங்கள் மனதார நம்பினோம். யாருக்கு முதலில் நிற்கும் என்று எங்களுக்குள் போட்டியே நடந்தது.

அக்கா கரண்டியைத் தரையில் வீசினாள். "மழை பொய்ச்ச வருஷம் மாடு பருவத்துக்கு வராது. அதைப் பாத்து எவனாவது என் மாடு தேறிடுச்சுன்னு பீத்திக்குவானா? மாடு இருக்கிற வீட்டுல பொறந்தவளுங்கதானேடி நீங்க! எனக்கும் இத்தனை நாள் உறைக்கலையே, என்னைச் செருப்பால அடிக்கணும்."

நேராகக் கோச்சிடம் போனாள். "கோச், பிள்ளைங்க காயுதுங்க. பாலும் பீன்ஸும் போடப்போறேன்."

"தபுதானி, நீ அடுப்பைப் பாரு, நான் ஓட்டத்தைப் பாக்கிறேன். கனம் கொறைஞ்சாத்தான் கால் பறக்கும்."

"அப்போ பையனுங்களுக்கு மட்டும் ஏன் முழுக் கரண்டி? அவனுங்க பறக்க வேணாமா?"

கோச் விசிலை ஊதிக்கொண்டு நடந்துவிட்டார்.

மறுநாளிலிருந்து அக்கா எல்லாருக்குமே அரைக் கரண்டி போட்டாள். பையன்களுக்கும், கோச்சுக்கும். டீயில் பால் கிடையாது. மூன்றாம் நாள் மேடு ஏறும்போது பையன்கள் பாதியில் உட்கார்ந்துவிட்டார்கள். கிமெலி என்பவன் தட்டோடு சமையலறைக்குள் வந்து கத்தினான்.

"எங்களைக் கொல்லப் பாக்கிறியாக்கா? இதைத் தின்னுட்டு எவனால மேடு ஏற முடியும்?"

"மூணு நாளைக்கே உயிர் போகுதா ராசா? இதுங்க அஞ்சு மாசமா ஏறுதுங்க. பக்கத்துல உக்காந்து தின்னியே, அப்போ உன் கண்ணு எங்கே போச்சு?"

கிமெலி தட்டை அங்கேயே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனான். ஆனால் புகார் போகாமல் இல்லை. அன்று சாயங்காலமே அக்காவைப் போகச் சொல்லிவிட்டார்கள். பையன்களுக்கு முழுக் கரண்டி திரும்ப வந்தது. எங்களுக்கு வரவில்லை. கோச் போட்டிக்கு அனுப்பாமல் விட்டுவிடுவாரோ என்ற பயத்தில் நாங்கள் ஏழு பேரும் அவளுக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. அதை நினைத்தால் கோச் மேல் வருகிற ஆத்திரத்தைவிட என் மேல் வருவதுதான் அதிகம்.

நைரோபியில் பதினேழாவது சுற்றில் ஜெலகாட்டின் கால் எலும்பு முறிந்தது. பின்னால் ஓடிய எனக்கு அந்தச் சத்தம் கேட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "கடைசியா பீரியட்ஸ் எப்போ வந்தது?"

கோச் முகத்தைச் சுளித்தார். "ஆம்பளைங்க நிக்கிற எடத்துல இதென்ன பேச்சு?"

வாரா வாரம் எங்களை கிராம் கிராமாக நிறுத்துப் பார்த்த மனுஷனுக்கு அப்போதுதான் கூச்சம் வந்ததாம்! எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "ஏழு பேருக்கும் நின்னுபோச்சு டாக்டர். இவருதான் எங்களைப் பட்டினி போட்டாரு" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

டாக்டரம்மா கோச்சைப் பார்த்துச் சொன்னாள்: "ஓடுற அளவுக்குச் சாப்பாடு இல்லேன்னா உடம்பு முதல்ல அதைத்தான் நிறுத்தும். அப்புறம் எலும்பு தேய ஆரம்பிக்கும். இது விழுந்து முறிஞ்ச கால் இல்ல."

மறுநாள் தபுதானி அக்கா பஸ் பிடித்து வந்தாள். பிளாஸ்க் நிறையப் பால் டீ, அவித்த முட்டை, ரொட்டி. ஜெலகாட்டின் தொடை வரை மாவுக்கட்டு. அக்கா ஊற்றிக்கொடுத்த டீயை அவள் வாங்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, சனிக்கிழமை எடை பாக்கும்போது இந்தக் கட்டோட கனத்தைக் கழிச்சுக்குவாங்கல்ல?"

அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கோப்பையை அவள் உதட்டில் வைத்து, முழுதும் குடிக்கிற வரை பிடித்துக்கொண்டிருந்தாள்.