என் கணினியை நிர்வகித்த நிறுவனம்

போன வருடம் மாரி மழை தொடங்கிய நேரம். ஒரு வெள்ளிக்கிழமை காலையில், செட்டிபாளையத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தொடங்கிய கதை இது. அன்று பின்னேரம் மூன்று மணிக்கு எனக்கு ஒரு பரீட்சை. மண்டபத்துக்குப் போய் எழுதும் பரீட்சை அல்ல. வீட்டில் கணினிக்கு முன்னால் தனியாக இருந்து, கமரா நம்மையே பார்த்துக்கொண்டிருக்க எழுதும் பரீட்சை.

வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் கணக்கியல் படித்து முடித்து எத்தனையோ வேலைக்கு விண்ணப்பித்தவள் நான். கிடைத்ததெல்லாம் கொழும்பில். கைப்பிள்ளையை வைத்துக்கொண்டு நான் எங்கே கொழும்புக்குப் போவது? அப்படியிருக்கும்போதுதான் வீட்டிலிருந்தே கணக்கு வேலை செய்ய ஆள் எடுக்கிறார்கள் என்று ஒரு அறிவித்தல் கண்ணில் பட்டது. விண்ணப்பித்தேன், கூப்பிட்டுவிட்டார்கள். பரீட்சையைத் தவறவிட்டால் மறுபடி இடமில்லை என்று மின்னஞ்சலில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். எனக்கு இதை விட்டால் வேறு வழியில்லை. அது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

என் பழைய லெப்டொப் அந்தக் கிழமைதான் வைரஸ் பிடித்துப் படுத்துவிட்டது. காத்தான்குடியில் கணினி திருத்தும் ஒரு நானாவிடம் கொடுத்தோம். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். அவர் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டு வியாழன் பின்னேரம் தந்தார். பெட்டியிலிருந்து எடுத்தது போலப் பளிச்சென்று இருந்தது. எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

வெள்ளி காலையில் மகளைத் தூங்கவைத்துவிட்டு, பரீட்சைக்காரர்கள் அனுப்பிய சோதனைச் செயலியை ஓடவிட்டேன். கமராவுக்குப் பச்சை. மைக்குக்குப் பச்சை. இணையத்துக்கும் பச்சை. கடைசி வரியில் மட்டும் சிவப்புப் புள்ளடி. கணினி அப்டேட் செய்யப்படவில்லையாம், செய்யாவிட்டால் பரீட்சை திறக்காதாம். இவ்வளவுதானே என்று அப்டேட்டை அழுத்தினேன். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பூச்சியம் வீதத்திலிருந்து ஒரு அடி நகரவில்லை.

நிறுத்தித் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அதே பூச்சியம். இன்னொரு ஃபோனிலிருந்து ஹொட்ஸ்பொட் கொடுத்துப் பார்த்தேன். அதே பூச்சியம். சிக்னல் கோளாறாக இருக்கும் என்று, மகளைப் பார்த்துக்கொள்ள மாமியிடம் சொல்லிவிட்டு, லெப்டொப்பையும் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்கு ஓடினேன். எங்கள் வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். அங்கே வெளியாக இருப்பதால் சிக்னல் நன்றாக இழுக்கும். வலை வீசிக்கொண்டிருந்தவர்கள் இவளுக்கு என்ன பிடித்துவிட்டது என்பது போலப் பார்த்தார்கள். படம் ஓடுகிறது, பாட்டு ஓடுகிறது, அப்டேட் மட்டும் ஓடவில்லை.

வீட்டுக்கு வந்து ஃபோனில் வீடியோக்களைப் பார்த்தேன். ஒருவர் திகதியும் நேரமும் சரியா பார் என்றார். சரியாகத்தான் இருந்தது. இன்னொருவர் பழைய அப்டேட் கோப்புகளை எல்லாம் அழி என்றார். அழித்தேன். அதற்குப் பிறகுதான் திரையின் மேல்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருந்த ஒரு வரியைக் கவனித்தேன். இந்தக் கணினியின் சில அமைப்புகளை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது என்று இருந்தது.

எனக்கு வந்த ஆத்திரம் சொல்லி முடியாது. எந்த நிறுவனம்? வேலையே இல்லாதவளுக்கு நிறுவனம் எங்கிருந்து வந்தது? ஒரு நிறுவனத்தில் சேரத்தானே இந்தப் பாடு படுகிறேன்!

என் கணவர் ஓட்டோ ஓட்டுகிறவர். பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்தவர், திரையை எட்டிப் பார்த்தார்.

"என்னகா, எனக்குச் சொல்லாம எந்தக் கொம்பனியில சேந்த நீ?"

அந்த நேரத்தில் அந்தப் பகிடி எனக்குச் சிரிப்பை வரவைக்கவில்லை. "ஒங்களுக்கு எல்லாம் விளையாட்டு!" என்று கத்திவிட்டு அழுதேன். அவர் பயந்துபோனார். உடனே நானாவுக்கு ஃபோன் எடுத்தார். மணி அடித்து ஓய்ந்தது. திரும்ப எடுத்தார், நிறுத்தி வைத்திருந்தது.

"வெள்ளிக்கிழம புள்ள. ஜும்மாக்குப் போயிருப்பாரு. வா, நேர போவம்."

மகளை மாமியிடம் கொடுத்துவிட்டு, சாரியை அள்ளிச் செருகிக்கொண்டு ஏறினேன். குருக்கள்மடம், கிரான்குளம், ஆரையம்பதி என்று ஊர்கள் பின்னால் போக, நானாவைத் திட்டுவதற்கு ஒரு பெரிய பட்டியலே மனதில் தயாராகியது. புதிதாகப் போட்டுத் தந்தாராம்! என் வாழ்க்கையில் மண்ணள்ளிப் போட்டுத் தந்திருக்கிறார். இதை நான் சத்தமாகவே சொல்லிக்கொண்டு வந்தேன். கணவர் ஓட்டோவை இன்னும் வேகமாக விட்டார்.

காத்தான்குடிக்குள் நுழைந்தால் தெருவே வெறிச்சென்று கிடந்தது. நடுவீதிப் பேரீச்ச மரங்களும் நாங்களும்தான். கடைகள் எல்லாம் பூட்டு. நானாவின் கடைக்கு முன்னால் ஓட்டோவை நிறுத்திவிட்டுக் காத்திருந்தோம். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பிரசங்கம் கேட்டுக்கொண்டிருந்தது. தொழுகையில் நிற்கிற மனிதரை அவசரப்படுத்த முடியுமா? முடியாது என்று தெரிந்தும் என் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. கடை வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். எங்கள் ஊர்ப் பிள்ளையாருக்கு ஒரு நேர்த்தி வைத்தேன். போதாதென்று களுதாவளைப் பிள்ளையாருக்கும் ஒன்று வைத்தேன்.

தொழுகை முடிந்து சனம் வெளியே வந்தது. வெள்ளைத் தொப்பியோடு வந்த நானா எங்களைக் கண்டதும் வேகமாக நடந்தார். நான் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கடையைத் திறந்தபடியே கேட்டார். அந்த நிறுவனக் கதை வந்ததும் கையை அப்படியே நிறுத்தினார்.

"தங்கச்சி, அந்த நிறுவனம் நான்தான்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் தலையைச் சொறிந்தார்.

"இஞ்ச எல்லாரும் ஃபோன் டேட்டாவிலதானே கொம்பியூட்டர் பாக்கிற. புதுசாப் போட்டுக் குடுத்தா, வீட்ட போன ஒடன அப்டேட் எல்லா டேட்டாவையும் திண்டிரும். மறுகா என்னட்ட வந்து சண்ட. அதால நான் போடுற எல்லாத்திலயும் அப்டேட்டப் பூட்டித்தான் குடுக்கிற. ஒங்களுக்கு நல்லதெண்டு நெனச்சித்தான் தங்கச்சி செஞ்ச. சொல்லாம வுட்டது என்ட பிழ."

திட்டுவதற்கென்று நான் வழி நெடுகத் தயாராக்கி வந்த அத்தனை வார்த்தையும் எங்கே போனதோ தெரியவில்லை. உண்மையில் போன மாதம் என் டேட்டா எல்லாம் இரண்டு நாளில் முடிந்ததென்று, லெப்டொப்பைத் திருத்தக் கொடுக்கும்போதே "இந்த அப்டேட்டுக்கு ஒரு முடிவு கட்டுங்க நானா" என்று சொன்னவளும் நான்தான்!

அவர் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து, ஏதோ ஒன்றை மாற்றினார். நிறுவனத்தின் வரி மறைந்துவிட்டது. கடை இணையத்தில் பூச்சியம் நகர்ந்தது. பத்து, முப்பது, அறுபது என்று ஏற ஏற எனக்கும் உயிர் திரும்பி வந்தது. இறக்கி முடிந்து கணினி தானாக அணைந்து மறுபடி ஒளிர்ந்தது. நீலத் திரையில் அப்டேட் நடக்கிறது, கணினியை நிறுத்த வேண்டாம் என்று வந்தது.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

வெளியே மழை இருட்டு. தெரு முழுக்கக் கரண்ட் இல்லை. என் லெப்டொப் பட்டரி கிழட்டுப் பட்டரி, கொஞ்ச நேரம்தான் தாங்கும். இடையில் அணைந்தால் என்ன நடக்கும் என்று கேட்டேன். நானா வயரைக் கழற்றிச் சுருட்டினார்.

"அணைய விடக்கூடா. தூக்குங்க. எங்கட வீட்ட சோலர் பட்டரி இரிக்கி."

விரித்தபடியே லெப்டொப்பை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் இருந்தேன். மூடினாலும் ஆபத்து, ஆட்டினாலும் ஆபத்து என்று எனக்கு ஒரு பயம். சாரல் அடிக்கிற பக்கம் முந்தானையை விரித்துப் பிடித்தேன். கணவர் பிரசவத்துக்குக் கொண்டுபோவது போல மெதுவாக ஓட்டினார். முன்னால் நானா மோட்டார் சைக்கிளில் வழி காட்டினார். குழிகளுக்கு முன்னால் கையைத் தூக்கிச் சைகை காட்டினார். நான் வீதியைப் பார்க்கவேயில்லை. அந்த வீதத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, நீ மட்டும் அணைந்துவிடாதே ராசாத்தி என்று லெப்டொப்பைக் கெஞ்சிக்கொண்டு போனேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சத்தமாகத்தான் கெஞ்சினேன்.

அவர் வீட்டுக்குள் நுழைந்து வயரைச் செருகியபோது பட்டரிக் குறி சிவப்பாகி இருந்தது. அப்டேட் முடிந்து திரை வந்தபோது மூன்று மணிக்குச் சொற்ப நேரம்தான் மிச்சம். சோதனைச் செயலியை ஓடவிட்டேன். எல்லாம் பச்சை! ஆனால் செட்டிபாளையத்துக்குத் திரும்பிப் போக நேரமில்லை.

"இஞ்சயே எழுதுங்க தங்கச்சி. என்னத்துக்குப் போற?"

சொன்னது நானாவின் மனைவி, அக்கா முறையில் எங்களுக்கு ராத்தா. அதுவரை நான் அவரை முகம் கொடுத்துப் பார்த்திருக்கவும் இல்லை. பிள்ளைகள் படிக்கிற அறையை நொடியில் ஒழித்துத் தந்தார். நான் தயங்கித் தயங்கி நிபந்தனையைச் சொன்னேன். "ராத்தா, மைக் திறந்திரிக்கும். வேற ஆக்கள்ட சத்தம் கேட்டா எச்சரிக்க வரும். கூடக் கேட்டா பரீட்சய நிப்பாட்டிருவாங்க."

"ஒரு சத்தமும் வராது. நீங்க போய் இருங்க" என்று கதவைச் சாத்தினார்.

வீட்டில் நான்கு பிள்ளைகள் இருந்ததைக் கண்டிருந்தேன். எப்படிச் சத்தம் வராமல் இருக்கும்? அந்தப் பயத்தோடுதான் தொடங்கினேன். நடுவில் பள்ளிவாசலில் அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள், திரையில் மஞ்சள் எச்சரிக்கை ஒன்று வந்தது. பாங்கு முடிந்தது, மறுபடி அமைதி. அதற்குப் பிறகு ஒரு கதிரை இழுபடுகிற சத்தம்கூட இல்லை. எல்லோரும் எங்கேயோ வெளியே போய்விட்டார்கள் என்றே நினைத்தேன். கடைசிக் கணக்கை முடித்து அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்தேன்.

எல்லோரும் அங்கேயேதான் இருந்தார்கள். நடு அறையில் பாயில், எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடுகிற பெரிய சஹன் தட்டு, மூடியபடி. அதைச் சுற்றி நானாவும், பிள்ளைகளும், என் கணவரும். கடைக்குட்டி தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு இருந்தாள். ஜும்மா முடிந்து வந்து குடும்பமாகச் சாப்பிடுகிற சாப்பாடு அது. நேரம் ஐந்தை நெருங்கிக்கொண்டிருந்தது.

"முடிஞ்சா?" என்று ராத்தா சைகையால் கேட்டார். முடிந்தது என்று தலையாட்டினேன். கடைக்குட்டி கையை எடுத்துவிட்டு, "உம்மா பசிக்கிது!" என்று போட்ட கூச்சலில் வீடே சிரித்தது.

"என்ன ராத்தா, இன்னும் நீங்க சாப்பிடல்லயா?"

"புள்ளயள் தின்னத் தொடங்கினா வாய் நிக்குமா? சத்தம் கேட்டா ஒங்களுக்குக் கரச்சல். ஒருநாளைக்குப் பொறகு திண்டா என்ன?"

எங்களையும் இருக்கச் சொன்னார். எனக்கு உள்ளுக்குள் ஒரு சங்கடம். வெள்ளிக்கிழமை நாங்கள் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் சாப்பிடுவதில்லை. அதை இந்த மனிதர்களிடம் எந்த வாயால் சொல்வது என்று கணவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். ராத்தா அதற்குள் குசினிக்குள் போய், வேறாக ஒரு சட்டியில் சோறும் பருப்புக் கறியும் கொண்டுவந்து வைத்தார்.

"இண்டைக்கு வெள்ளிதானே, நீங்க மச்சம் தின்ன மாட்டீங்க எண்டு தெரியும். நீங்க எழுதக்குள்ள வெச்சன். ருசி கொறவாத்தான் இரிக்கும் தங்கச்சி, கோவிக்காதீங்க. தாளிக்கல்ல. கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டிரும் எண்டு பயந்து அப்படியே எறக்கிட்டன்."

முதல் வாயை எடுத்தேன். அவ்வளவு பேருக்கு முன்னால் அழுதேன். காலையில் அழுத அழுகை வேறு, இது வேறு.

அந்த வேலை எனக்குக் கிடைத்தது. இப்போது எனக்கென்று உண்மையாகவே ஒரு நிறுவனம் இருக்கிறது, மகள் மடியில் தூங்க வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். ஆனால் பருப்புக்குத் தாளிக்கும் ஒவ்வொரு முறையும், கடுகு வெடிக்கத் தொடங்கும்போது, எனக்காக அந்தச் சத்தத்தைக்கூட அடக்கி வைத்த ஒரு வீடு காத்தான்குடியில் இருக்கிறது என்ற நினைப்பில் என் கை ஒரு கணம் நின்றுவிடுகிறது.