கார்டில் குறைந்த ஐந்து வயது

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பாஞ்சாலை அக்காவுக்கு நான் எண்ணூறு வெள்ளி கடன்பட்டிருந்தேன். என் முதல் லோரிக்குக் குறைந்த பணம் அது. மூன்றாம் வகுப்போடு நின்ற இந்தப் பக்கிரிசாமிக்கு இன்று நான்கு லோரி ஓடுகிறது. கியா பார்ம் காய்கறிச் சந்தையில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். கடனை ஒரே வருடத்தில் கொண்டுபோய் நீட்டினேன். அக்காதான் வாங்கவில்லை.

“உங்கிட்டயே இருக்கட்டும் தம்பி. வேலைய விட்டா தோட்டம் குடுத்த லயத்து வீட்டையும் விடணும். அன்னிக்கு ரிங்லெட் டவுன்ல வீடு எடுக்க வாங்கிக்கிறேன்.”

ஐம்பத்தைந்து வயதானால்தான் சம்பளத்தில் பிடித்த சேமநிதிப் பணம் முழுதாகக் கைக்கு வரும். அக்கா அந்த வயதைத் தாண்டிவிட்டார். அடையாளக் கார்டு தாண்டவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டில் கார்டுக்கு எழுதியபோது, மருமகள் தன் மகனைவிட மூத்தவள் என்று தெரியக்கூடாதென்று மாமியார் ஐந்து வயதைக் குறைத்துச் சொல்லிவிட்டார். “அன்னிக்கு எனக்கு ஒரே சந்தோசம்லா, கொமரியாயிட்டேன்னு” என்று அக்கா சிரிப்பார். மாமியாரும் கணவரும் போய்ச் சேர்ந்தார்கள். பிள்ளை இல்லை. கார்டு இருந்தது.

எண்பத்திரண்டில் தானா ராத்தா ஆஸ்பத்திரியில் அவருக்கு இனிப்பு நீர் வியாதி என்றார்கள். நானும் கூடப் போயிருந்தேன். நர்ஸ் கத்தரீன் தோட்டத்துப் பிள்ளை, ஒளிக்காமல் சொன்னாள்.

“இனிப்புப் பால்டின் ஊத்துன தேத்தண்ணி வேணாம்க்கா. சோத்தப் பாதியாக்குங்க. முடிஞ்சா வேலையையும் விடுங்க. காலு மரத்துப் போவுது பாருங்க.”

அக்கா சொன்னபடி இருந்தார். நான் கொண்டுபோன முட்டைக்கோசை அவித்துத் தின்றார். ஒரு நாள் கொழுந்துக் கூடையோடு சரிவில் மயங்கி விழுந்தார். அன்றைக்கு அரைக் கூலிதான். மறுநாளே பால்டின்னைத் திறந்தார். தட்டு நிறையச் சோறு போட்டுக்கொண்டார்.

“வேலைய விட்டுட்டு வாங்கக்கா. வீடு நான் எடுத்துத் தர்றேன். லோரிக்காரத் தம்பி எதுக்கு இருக்கேன்?”

“பெரிய தவுக்கே வந்துட்டாரு! உன் வீட்ல உக்காந்து தின்னா அது உன் சோறு. தின்னாம மல ஏற முடியலே, ஏறாம காசு இல்லே. கார்டுல ரெண்டு வருசந்தான் பாக்கி. முடிச்சிட்டு உன் கோசுத் தண்ணியவே குடிக்கிறேன், போ!”

சீன முதலாளிகளான தவுக்கேமாரிடமே விலை பேசி ஜெயித்த வாய் என்னுடையது. அக்காவிடம் அது எடுபடவில்லை.

ரப்பர் பூட்ஸ் கடித்த புண்ணைத் துணி சுற்றி மறைத்துக்கொண்டு ஏறினார். வலி தெரியாத கால். கத்தரீன் பார்த்தபோது கறுத்துவிட்டிருந்தது. ஈப்போ பெரியாஸ்பத்திரியில் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். கார்டின்படி ஐம்பத்தைந்துக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது.

தோட்டம் வீட்டைக் கேட்டது. படியில்லாத வீடொன்றை ரிங்லெட்டில் பார்த்துவிட்டு லோரியோடு போனேன். ஏற்றுவதற்கு ஒரு பெட்டியும் ஒரு பாயும்தான். அக்கா வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து சீனியில்லாத தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

“இப்பக் குடுலா தம்பி, என் காச.”

நான் இரண்டாயிரம் கொண்டுபோயிருந்தேன். கட்டைப் பார்த்ததும் தலையாட்டினார்.

“எண்ணூறு. ஒரு வெள்ளி கூடுதலா வேணாம். சத்தமா எண்ணு, எனக்குக் கேக்கணும்.”

கொழுந்துக் கறை ஏறிய உள்ளங்கையை நீட்டினார். பத்துப் பத்தாக எண்ணி வைத்தேன். கடைசி நோட்டு விழும்வரை அவர் விரலை மடக்கவில்லை.