கல் வந்த வழி

கண் பார்க்கும் இருட்டறையில் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டபடி பியற்றிஸ் கேட்கிறார்: "முதலாவது தெளிவோ, ரெண்டாவதோ?" நாற்காலியில் இருப்பவர் திணறினால் தோளில் மெல்லத் தட்டுவார். "தெரியாட்டித் தெரியாது எண்டு சொல்லுங்கோ. இது சோதினை இல்லை." லண்டனின் அப்டன் பார்க்கில் தமிழர் பலரின் மூக்கில் இருப்பது அவர் பார்த்துக் கொடுத்த கண்ணாடிதான்.

மன்னாரில் பிறந்தவர், ஐம்பதைத் தாண்டியவர். சுவர் கண்டால் நின்றுவிடுவார். ஞாயிறு பூசை முடிந்து மற்றவர்கள் ரோல்ஸும் தேநீருமாகக் கதைக்கும்போது, அவர் வெளியே போய்ச் செங்கல் வரிசையைத் தடவிக்கொண்டிருப்பார். "இந்த ஜன்னல் பிறகு வைச்சது" என்று, கேட்காதவர்களுக்கும் சொல்லுவார்.

இந்தப் பைத்தியம் அல்ஜீரியாவுக்குச் சுற்றுலா போனபோது பிடித்தது. ஒரு சிறு நகரத்தின் பழைய பள்ளிவாசலைக் கட்டியது ஓர் அரசன் என்று வழிகாட்டி சொன்னார். அவனுக்கு முந்தின வம்சத்தவர் கட்டியது என்று தேநீர்க் கடைக்காரர் சொன்னார். "ரெண்டு பேரும் சத்தியம் பண்ணுகினம். எனக்கு நித்திரை வரேல்லை." லண்டன் திரும்பியவர் பல்கலைக்கழகத்தில் பகுதிநேரமாக முதுகலை படிக்கச் சேர்ந்தார். ஆய்வுப் பொருள், அந்தப் பள்ளிவாசல்.

வாசலுக்கு மேலே ஒரு கல்வெட்டு உண்டு. அதில் வழிகாட்டி சொன்ன அரசனின் பெயர் இருக்கிறது. அதை நம்பித்தான் பியற்றிஸின் பேராசிரியை இளவயதில் ஒரு புத்தகமே எழுதியிருந்தார். ஆனால் தான் எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, கடைசி வரியின் எழுத்துகள் பாதியில் வெட்டுப்பட்டிருப்பது பியற்றிஸின் கண்ணில் பட்டது. வேறெங்கோ இருந்த கல்லை நறுக்கி இங்கே பொருத்தியிருக்கிறார்கள். அப்படியானால் அந்தப் பெயர் சுவருக்குச் சாட்சியாகாது.

வீட்டில் இதைச் சொன்னார். கணவர் நிஷாந்த் கேட்டார்: "இவ்வளவு காலம் படிச்சுப்போட்டு, கட்டினது ஆரெண்டு தெரியாது எண்டோ எழுதப்போறீர்? உம்மட பேராசிரியையின்ர புத்தகமும் பிழையெண்டால் பாஸ் பண்ணுவினமோ?"

"தெரியாததைத் தெரியுமெண்டு எழுத ஏலாதப்பா."

தெரியாது என்றே ஆய்வேட்டில் எழுதினார். பேராசிரியை அறைக்குக் கூப்பிட்டபோது, கேட்க வேண்டிய மன்னிப்பை ரயிலிலேயே மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனார். பேராசிரியை படத்தை முகத்துக்கு அருகில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். முகம் சிவந்தது. பிறகு உரக்கச் சிரித்துவிட்டார். தன் புத்தகத்தின் அந்த அத்தியாயத்தைத் திருத்த வேண்டும் என்றார். அப்படியானால் அந்தக் கல் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். அதைத் தேடுவதற்கே முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கச் சொன்னார்.

குட்மேய்ஸில் இருக்கும் தன் வீட்டுக்குள் சப்பாத்தைக் கழற்றாமலே நுழைந்தார் பியற்றிஸ். "இஞ்சருங்கோ, பாஸ் பண்ணிட்டன்! இனிக் கல்லைத் தேடப்போறன்."

"கட்டின ஆள்?"

"அது இன்னும் தெரியாது" என்றார், வாய் நிறையச் சிரிப்புடன்.

சாப்பாட்டு மேசையில் அந்த நகரத்தின் வரைபடத்தை விரித்தார். அது சுருண்டு சுருண்டு எழும்பியது. நிஷாந்த் தட்டுகளை ஒதுக்கிவிட்டு, எழும்பிய மூலையைத் தன் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தார். பியற்றிஸின் விரல் பள்ளிவாசலை விட்டு, பக்கத்துத் தெருவுக்குள் நுழைந்தது.