என் தங்கை வீட்டு ஃப்ரீசர்

நான் இருக்கிற ஊரில் கறிக்கும் நாள் குறித்துத்தான் கொடுக்கிறார்கள். இன்ன தேதிக்குள் சாப்பிட்டுவிடு என்று ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் அச்சடித்திருக்கும். பாரீசுக்கு வெளியே ஒதுங்கிக் கிடக்கிற எங்கள் குடியிருப்பில் அந்தத் தேதியை மீறுகிறவர்கள் யாரும் இல்லை. பக்கத்து வீட்டு மதாம் நிக்கோல், தேதி தாண்டின கோழியை அப்படியே குப்பைக்குக் கொண்டுபோவதைப் பார்த்து, "முகர்ந்தாவது பார்க்கக்கூடாதா மதாம்?" என்று ஒருநாள் கேட்டேன். "மூக்குக்குப் படிக்கத் தெரியாதே" என்றாள். எனக்கு அந்தப் பதில் பிடித்துப்போய்விட்டது. ஜனங்கள் போகிறபோக்கில் சொல்வதையெல்லாம் முந்தானையில் முடிந்துவைத்துக்கொள்கிற பழக்கம் எனக்கு உண்டு. பள்ளிக்கூடம் எனக்குப் பத்தாவதோடு சரி. மிச்சத்தைக் கற்றுக்கொடுத்தது இந்த மாதிரி வாய்கள்தான்.

நான் வேலை பார்ப்பது ஒரு பள்ளிக்கூட கான்டீனில். சேர்ந்த அன்றே அவர்கள் என் காதில் ஓதியது 'ஷேன் து ஃப்ருவா'. குளிர்ச் சங்கிலி என்று சொல்லலாம். வெட்டின இடத்திலிருந்து சட்டியில் விழுகிறவரை கறியின் குளிர் நடுவில் எங்கேயும் அறுந்துவிடக் கூடாது. வீட்டிலும் எனக்கு அதே சட்டம்தான். வாங்கி வந்ததும் ஈரத்தை ஒற்றி, ஒருவேளைக்கு ஒரு பை என்று பிரித்து, காற்றை வெளியே தள்ளி, கையால் தட்டிப் பலகை மாதிரி ஆக்கி, தேதி எழுதி ஃப்ரீசரில் அடுக்கிவிடுவேன். தட்டையாக இருந்தால் சீக்கிரம் உறையும், சீக்கிரம் இளகும். சமைக்கப்போகிற பையை முதல் நாளே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், நீர் சொட்டி மற்றதில் படாதபடி ஒரு கிண்ணத்தில் வைப்பேன். இளகிய கறியை மறுபடி உறைய வைக்க மாட்டேன். இவ்வளவு பார்த்துப் பார்த்து வைத்த கறியைத்தான் என் அப்பா வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் புதுச்சேரிக்குத் திரும்பிப் போனார்.

அம்மா போன பிறகு அப்பாவை என்னோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்கு ஆசை. என் வீட்டுக்காரருடைய குடும்பம் பிரெஞ்சுக் குடியுரிமைக்காரக் குடும்பம். கல்யாணமான கையோடு நான் இங்கே வந்துவிட்டேன். அப்பாவும் அம்மாவும் புதுச்சேரி நெல்லித்தோப்பில், என் தங்கை ஸ்டெல்லாவோடு. அதாவது அவளுக்கு அவர்கள் தினமும் கிடைத்தார்கள், எனக்கு லீவில் மட்டும். இனி என் முறை என்று நினைத்துத்தான் அப்பாவை வரவழைத்தேன். கொஞ்ச நாள் இருந்து பார்க்கட்டும், பிடித்துவிட்டால் நிரந்தரமாக இருந்துவிடட்டும் என்று அவருக்கென்று ஓர் அறையைக்கூட ஒழித்து வைத்தேன்.

வந்த வாரமே அவரை எங்கள் தெருக் கறிக்கடைக்குக் கூட்டிப்போனேன். மில்லில் வேலை பார்த்த காலத்தில் பிரெஞ்சு தெரிந்த மேஸ்திரிகளிடமிருந்து பொறுக்கின சொற்கள் அவரிடம் கொஞ்சம் உண்டு. கண்ணாடிக்குள் இருந்த ஆட்டுத் தொடையைக் காட்டி, "ஃப்ரே?" என்று கேட்டார். கடைக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. "ஃப்ரே, மிசியே, ரொம்ப ஃப்ரே" என்று ஒரு துண்டைக் காகிதத்தில் வைத்து நீட்டினார். அப்பா விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "இன்னாமா இது, செத்து எத்தினி நாளாச்சோ, சில்லுனு இக்குது. இதப்போயி ஃப்ரேங்குறான்!" அப்பா என்ன சொல்கிறார் என்று கடைக்காரர் என்னிடம் கேட்டார். நல்ல குளிர்ச்சி என்கிறார் என்றேன். "மெர்சி மிசியே!" என்று அவர் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த மொழியில் புதியதுக்கும் குளிர்ந்ததுக்கும் அந்த ஒரே சொல்தான். எங்கள் ஊரிலோ காலையில் வெட்டின கறி கையில் வாங்கும்போது வெதவெதவென்று இருக்க வேண்டும். சூடு போனால் புதுசும் போச்சு.

என் ஃப்ரீசரைத் திறந்து காட்டியபோது அப்பா சிரித்தார். "நம்மூர்ல இதுல யார வெப்பாங்க தெரியுமில்ல? சொந்தக்காரன் வெளியூர்லருந்து வந்து சேர்ற வரிக்கும்…" என்று இழுத்தார். அதற்குப் பிறகு என் வீட்டில் கறிச்சோறு போட்டால் குழம்பை மட்டும் ஊற்றிக்கொண்டு துண்டுகளை ஓரம் ஒதுக்குவார். இருப்பதாகச் சொல்லி வந்த நாள் முடியுமுன்பே டிக்கெட்டை மாற்றச் சொன்னார். "உன்மேல ஒண்ணும் இல்ல பாப்பா. கறி ஒத்துக்கல." ஊருக்குப் போய் இறங்கியதும் போன் செய்தார். "ஸ்டெல்லா கொழம்பு வெச்சா. காலைல வெட்டின கறி. அதான்மா கறி!" அந்த 'அதான்மா' என் நெஞ்சில் குத்தி நின்றுவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு போனிலும் ஸ்டெல்லாவின் கறிதான் பேச்சு. நான் "ஓ, அப்படியாப்பா" என்பேன். போனை வைத்துவிட்டுக் காரணமே இல்லாமல் பிள்ளைகளைத் திட்டுவேன். கூடப்பிறந்தவளின் சட்டியைப் பார்த்து வயிறு எரிகிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது?

இந்த வருஷ லீவுக்குப் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லாவின் வீட்டுக்காரர் விடியும்போதே போய்க் கறி வாங்கி வந்தார். அன்றைக்கு அது புதுக்கறிதான், ஒப்புக்கொள்கிறேன். ஸ்டெல்லாவுக்குச் சேதராப்பட்டில் ஃபேக்டரி வேலை. கம்பெனி பஸ் வருவதற்குள் சமைத்து வைத்துவிட்டு ஓடுகிறவள், எனக்காக வியாழக்கிழமை லீவு போட்டிருந்தாள். அன்று ஜூஸுக்கு ஐஸ் எடுக்கலாம் என்று நான் ஃப்ரீசரைத் திறந்தேன். உள்ளே கறிப் பைகள். பலகை மாதிரித் தட்டி, காற்றில்லாமல் கட்டி, ஒவ்வொன்றிலும் தேதி எழுதி வரிசையாக அடுக்கியிருந்தாள். கீழே ஃப்ரிட்ஜைத் திறந்தால் கீழ்த்தட்டில் ஒரு கிண்ணம், அதில் இளகின கறியின் காலிப் பை. எல்லாம் என் வேலை! அவள் ஃப்ரிட்ஜ் வாங்கின புதிதில் நான்தான் வாட்ஸாப்பில் பேசிப் பேசி அனுப்பியிருந்தேன். "சரிக்கா, சரிக்கா" என்று மட்டும் பதில் போட்டாள். கேட்டிருப்பாள் என்றுகூட நான் நினைக்கவில்லை.

மத்தியானம் அப்பா ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடினார். "பாத்தியா பாப்பா. காலைல வெட்டினது. ஒங்கூர்ல கெடைக்குமா?"

என்னால் அடக்க முடியவில்லை. "அப்பா, அது ஞாயித்துக்கெழம கறி. ஃப்ரீசர்ல இருந்துது. நான் வெக்கிற மாதிரியேதான் இவளும் வெச்சிருக்கா."

ஸ்டெல்லா கரண்டியோடு நின்றுவிட்டாள். அப்பா எங்கள் இருவரையும் பார்க்காமல் எலும்பை உறிஞ்சினார். "இருக்கட்டுமே. எங்க வீட்ல இப்பிடித்தான்" என்றார். நம்ம வீட்ல என்று அவர் சொல்லவில்லை. எங்க வீட்ல. வேற்று மொழிக்காரர்களுக்கு இந்த வித்தியாசத்தைச் சொல்லிப் புரியவைக்க நான் எத்தனையோ தடவை முயன்றிருக்கிறேன். பிரெஞ்சில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். அன்றைக்கு அந்த மொழியில் சொல்லியிருந்தால் எனக்கு வலித்திருக்காது.

பின்கட்டில் பாத்திரம் கழுவும்போது ஸ்டெல்லா சொன்னாள்: "அவருக்கு எப்பவோ தெரியும்கா. கீழ்த்தட்ல கிண்ணத்த எடுத்து வெக்கிறதே அவர்தான். நான் பஸ்ஸுக்கு ஓடறேன்ல, பழைய கறி போடறான்னு யாரும் என்னச் சொல்லிடக் கூடாதுன்னு, காலைல வெட்டினதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிறாரு."

அதுவரை எனக்கு இருந்த பொறாமை கறிமேல்தான். இப்போது அது இடம் மாறி உட்கார்ந்தது. அவளுக்காக அப்பா பொய் சொல்கிறார். என் வீட்டில் எனக்காக ஒரு பொய் அவர் வாயில் வரவில்லையே.

மறுநாள் காலை அப்பாவைக் காணோம். முழங்கால் வலியோடு ஆட்டோ பிடித்துப் பெரிய மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறார். கையில் கறுப்புப் பையோடு வந்து இறங்கினார். "இந்தா, தொட்டுப் பாரு" என்று என் உள்ளங்கையில் வைத்தார். வெதவெதவென்று இருந்தது. "நெஞ்செலும்பும் கொஞ்சம் ஈரலும். ஒனக்கோசரம் நின்னு வெட்டச் சொன்னேன்." கடைசியில் ஜெயித்துவிட்டேன் என்று அந்தப் பையை ஸ்டெல்லாவிடம் காட்டவே போனேன்.

அவள் கம்பெனி பஸ்ஸுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாள். பையைப் பார்த்ததும் சீப்பு நின்றது. "மார்க்கெட்டுக்கே போனாரா? எனக்கு ஒரு நாளாவது இப்பிடி வாங்கியாந்திருப்பாரா? நீ குடுத்துவெச்சவக்கா" என்றாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்: "வர்றவங்களுக்குத்தானே வாங்கியார முடியும். வீட்டாளுங்களுக்கு இருக்கறதப் போடறதுதான்."

அவள் கோபத்தில் சொன்னதா, சும்மா சொன்னதா, தெரியாது. முடிந்துவைத்துக்கொள்ள நான் விரும்பாத முதல் வாக்கியம் அது.

மத்தியானம் நானே அந்தக் கறியைச் சமைத்தேன். சாப்பிட உட்கார்ந்தபோது மேசையில் இரண்டு சட்டிகள் இருந்தன. ஒன்றில் என் புதுக்கறி, இன்னொன்றில் நேற்றைய குழம்பைச் சூடுபண்ணி அப்பா தனக்காக எடுத்து வைத்தது. "இதுலயும் போட்டுக்கோயேம்பா" என்றேன். "ஒனக்குன்னு வாங்கினது, நீ சாப்புடு. மீந்தா வீணாப் போவும், நான் இத முடிச்சிடறேன்." கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. "அப்பா, இன்னொரு தடவ என்கூட வந்து இருந்து பாக்கிறியா?"

அவர் என் தட்டைப் பார்த்தார். ஈரல் துண்டு ஒன்றைத் தேடி எடுத்து என் சோற்றின் மேல் வைத்தார். "சாப்புடும்மா, ஆறிடப்போவுது" என்று சொல்லிவிட்டுத் தன் சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நான் என் சட்டியிலிருந்து எடுத்துச் சாப்பிட்டேன். கறி பஞ்சுபோல வெந்திருந்தது. அவர் சட்டியில் என்ன ருசி இருந்தது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.